உத்தரத்தை ஊடுருவும் துளை



இந்த மாலையில் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கனத்த மரத்தில் ஆழமாகவும் நேராகவும் துளையிடும் வித்தை. பன்னிரண்டு அங்குலக் கனமுள்ள தேக்கு உத்தரம் ஒன்றின் ஒரு முகத்தில் குறித்த புள்ளியில் புகுந்து, எதிர்முகத்தில் குறித்த புள்ளியிலேயே வெளிவரவேண்டிய ஒரு துளை, அவ்வளவுதான். கேட்பதற்கு எளிய காரியமாகத் தோன்றும். ஆயினும், கடலை வென்ற மரக்கலங்களைக் கட்டியவர்களும், பெருங்கூரைகளை ஏற்றி நிறுத்தியவர்களும், நகரங்களுக்கு நீர் கொண்டுவந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் சிந்தையையும் உழைப்பையும் செலவிட்டது இந்தச் சிறு காரியத்தின் மேல்தான் என்பதை அறியும்போது, இதைச் சிறு காரியம் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

மற்றத் தச்சு வேலைகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வாள் பிடிக்கிறவன் கோட்டைப் பார்க்கிறான். வாள் விலகினால் உடனே திருப்புகிறான். இழைப்புளி பிடிக்கிறவன் பலகையின் மேடு பள்ளத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிந்து அடுத்த இழைப்பில் சரிசெய்துகொள்கிறான். உளியால் கொத்துகிறவனுக்கும் தன் தவறு தெரியும். துறப்பணம் பிடிக்கிறவனுக்கோ, அலகின் முனை மரத்துக்குள் மறைந்த கணத்திலிருந்து, அது மறுபுறம் தலைகாட்டும் கணம் வரையில், நடப்பது எதுவுமே தெரிவதில்லை. தெரியவரும் நேரத்தில் திருத்துவதற்கு இடமும் இருப்பதில்லை. ஆகவே நான் இன்று வற்புறுத்த விரும்புவது ஒன்றே: ஆழ்ந்த துளையின் நேர்மை, துறப்பணத்தைச் சுழற்றும் தோளின் பலத்தால் வருவதன்று, துளையிடும் முன்னரும் முதல் அங்குலத்திலும் அது பெரும்பாலும் நிச்சயமாகிவிடுகிறது, அதன்பின் உள்ள பிரயாசையெல்லாம், மரம் நம் கருவியைத் தன் போக்கில் இழுத்துச் செல்லாதபடி காத்துக்கொள்வதற்கே.

சிறிது கணக்குப் பார்ப்போம். துறப்பணம் செங்குத்திலிருந்து ஒரே ஒரு பாகை சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகைச் சாய்வு பழகிய கண்ணுக்கும் எளிதில் புலப்படாது. ஓர் அங்குலக் கனமுள்ள பலகையில் அதனால் யாதொரு பாதகமும் இல்லை. பன்னிரண்டு அங்குல உத்தரத்திலோ, துளையின் மறுவாய் குறித்த இடத்தைவிட்டு ஒன்றரை நூலுக்கும் மேலாக விலகிப்போகும்; அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கே தச்சர் கணக்கில் ஒரு நூல். இரண்டடி ஆழமானால் ஏறக்குறைய மூன்றரை நூல் விலகும். அப்படி விலகிய துளையில் புகும் போல்ட்டு, அடுத்த மரத்தின் துளையைச் சந்திக்குமா? சந்திக்காத இரண்டு துளைகளைச் சம்மட்டியால் அடித்துச் சமாதானம் செய்ய முடியுமா? அடித்தால் போல்ட்டு வளையும், அல்லது மரம் பிளக்கும்.

கருவி தவறுவதற்குக் கை மட்டும் காரணமன்று; மரமும் காரணம். மரம் எங்கும் ஒரே சீராக உள்ள பொருளா? இல்லை. பைன் போன்ற மரங்களில் ஆண்டு வளையம் ஒவ்வொன்றிலும் மிருதுவான பகுதியும் கடினமான பகுதியும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. கடினமான பட்டை ஒன்றின்மேல் அலகு சரிவாகச் சென்று மோதும்போது, அதை ஊடுருவிச் செல்வதைவிட அதன் ஓரமாக மிருதுவான வழியில் வழுக்கிச் செல்வதே அலகுக்குச் சுலபமாக இருக்கிறது. கணு ஒன்று குறுக்கிட்டாலோ கேட்கவேண்டியதில்லை. கணுவின் நார் மற்ற நாருக்குக் குறுக்கே ஓடுவது, அதைவிட அடர்ந்தது, அலகைத் தள்ளிவிடும் வலிமை உடையது. வெளிமுகத்தில் கணு தெரியாத மரத்தின் உள்ளே கணு இருக்கக்கூடும் என்பதையும் அனுபவசாலிகள் அறிவார்கள்.

இங்கே ஒரு விசித்திரத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். நாம் சாதாரணமாகக் கையாளும் துறப்பண அலகின் நுனியில் ஒரு சிறிய திருகு இருக்கிறது அல்லவா? அந்தத் திருகு மரத்தைக் கவ்வி, அலகை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. தச்சன் அழுத்தவேண்டிய அவசியமே இல்லை, சுழற்றினால் போதும். ஆழமில்லாத துளைக்கு அது பேருபகாரி. ஆனால் துளை ஆழமாக ஆக, அதே திருகு துரோகியாக மாறிவிடுகிறது. ஏனென்றால் எல்லாவற்றுக்கும் முன்னே செல்வது அதுதான். நாரின் வளைவை முதலில் சந்திப்பதும், கணுவின் ஓரத்தில் முதலில் வழுக்குவதும் அதுதான். அது எங்கே திரும்புகிறதோ அங்கே முழு அலகும் திரும்பவேண்டியதாகிறது.

மேனாட்டுக் கப்பல் தச்சர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் தங்கள் நீண்ட துறப்பணங்களிலிருந்து அந்தத் திருகை அறவே நீக்கிவிட்டார்கள். முனையில் கவ்வும் திருகு இல்லை. வட்டத்தின் விளிம்பை வெட்டும் கூர்ப்பல்லும் இல்லை. மரத்தைச் சீவி எடுக்கும் வெட்டுவாய் மாத்திரமே உண்டு. இத்தகைய மொட்டை முனைத் துறப்பணத்தைத் தொடங்கிவைப்பது கடினம். ஆகையால் முதலில் திருகுமுனை உள்ள குட்டையான அலகினால் சிறிது ஆழம் துளைத்துக்கொண்டு, அந்தக் குழியில் மொட்டை முனையை இறக்குவார்கள். அதன்பிறகு அதற்கு வழிகாட்டுவது எது? முன்னே உள்ள மரமா? அன்று. தனக்குப் பின்னே தானே வெட்டி முடித்த துளையின் சுவர்தான் அதற்கு வழிகாட்டுகிறது. அலகின் முறுக்கு உடல் அந்தச் சுவரில் படிந்து நிற்பதால், தொடக்கம் நேராக இருந்தால் தொடர்ச்சியும் நேராகவே இருக்கும். திருகு இழுக்காதபடியால் தச்சன் தன் உடம்பின் பாரத்தைக் கொண்டு அழுத்தவேண்டியிருக்கும், சிரமம் அதிகம். அந்தச் சிரமத்தை அவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். கருவிகளின் சரித்திரத்தில் எளிமையைத் துறந்து நேர்மையைத் தேர்ந்துகொண்ட இந்த உதாரணத்தைப் போல் என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்றில்லை.

இந்த வித்தையின் பழமை வியப்புக்குரியது. கிரேக்க மகாகவி ஹோமர் பாடிய ஒடிஸி காவியத்தில், ஒற்றைக்கண் அரக்கனைக் குருடாக்கும் கட்டத்தில், கவி உவமைக்காகக் கொண்டுவருவது கப்பல் மரத்தைத் துளையிடும் தச்சனையே. ஒருவன் மேலிருந்து துறப்பணத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். கீழே இருபுறமும் நிற்பவர்கள் வாரைப் பற்றி மாறிமாறி இழுத்து அதைச் சுழற்றுகிறார்கள். சுழற்றுகிற வேலை வேறு, திசையைக் காக்கிற வேலை வேறு என்ற பாகுபாடு அந்தக் காலத்திலேயே தெளிவாக இருந்திருக்கிறது, பாருங்கள்! 1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின்மீது படையெடுத்த நார்மானியரின் கதையைத் தையல் வேலையாகக் காட்டும் பேயோ திரைச்சீலையிலும், கப்பல் கட்டும் காட்சியில், மார்பினால் அழுத்திச் சுழற்றும் துறப்பணத்தோடு ஒரு தச்சன் நிற்கிறான். அரசர்களையும் குதிரைகளையும் போர்களையும் சித்திரித்த கைகள் அவனையும் விட்டுவிடவில்லை.

பழைய துறப்பணங்களின் வாய் கரண்டியைப்போல் குழிந்திருக்கும். வெட்டிய சீவல் அந்தக் குழியில் நிரம்பிக்கொள்ளும். நிரம்பியதும் வெளியே எடுத்துக் கொட்டவேண்டும். முறுக்கு வடிவம் பரவியபின் சீவல் தானே ஏறி வெளிவரத் தொடங்கிற்று. அமெரிக்காவில் எஸ்ரா லாம்மடியூ 1809-இல் இரட்டை முறுக்குத் துறப்பணத்துக்கும், ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் 1855-இல் தம் பெயரால் இன்றும் வழங்கும் அலகுக்கும் காப்புரிமை பெற்றார்கள். ஆயினும், முறுக்கு இருக்கிறதே என்று நம்பி ஒரே மூச்சில் ஓர் அடி ஆழம் இறக்கிவிடலாமா? கூடாது. ஆழம் மிகமிகச் சீவல் முறுக்கின் இடுக்கில் இறுகுகிறது. இறுகிய சீவல் சூடாகிறது. ஈரமோ பிசினோ உள்ள மரமானால் அலகைச் சுவரோடு பிடித்துவைத்துவிடுகிறது. அந்நிலையில் பலங்கொண்டு சுழற்றுகிறவன் அலகை முறிக்கிறான், அல்லது துளையை வளைக்கிறான். அங்குலத்துக்கு ஒருமுறை அலகை வெளியே எடுத்துச் சீவலை உதறிவிட்டு மறுபடி இறக்குகிற பொறுமைதான் இங்கே சாமர்த்தியம்.

கப்பலின் அடிமரமாகிய ஏராவையும் விலாக்களாகிய வங்குகளையும் பிணைத்தவை எவை என்று நினைக்கிறீர்கள்? ஆயிரக்கணக்கான மர ஆணிகளும் நீண்ட போல்ட்டுகளுமே. 1765-இல் இங்கிலாந்தின் சாத்தம் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்ட விக்டரி என்னும் போர்க்கப்பல் பெரும்பாலும் ஓக் மரத்தால் ஆனது. அதன் ஏரா எல்ம் மரம். அத்தகைய கப்பலில் ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு துளை. ஒவ்வொரு துளையும் கையால் இட்டது. இதிலே இரும்பும் செம்பும் செய்த ஒரு கலகத்தைச் சொல்லவேண்டும். கடற்புழுவிடமிருந்து மரத்தைக் காப்பதற்காக 1761-இல் அலாரம் என்ற ஆங்கிலக் கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத்தகடு போர்த்தினார்கள். அது மேற்கிந்தியத் தீவுகளில் உழன்று திரும்பியபின் பார்த்தால், மரம் நன்றாகவே இருந்தது. செம்போடு உப்புநீரில் தொடர்பு கொண்ட இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. பின்னர் நீர்மட்டத்துக்குக் கீழே இரும்பு போல்ட்டுகளை விலக்கிச் செம்பு கலந்த போல்ட்டுகளைப் போடும் வழக்கம் வந்தது. செம்பு இரும்பைவிட மிருதுவானது. வளைந்த துளையில் அதை அடித்து இறக்கினால் பாதியில் நின்று தலை நசுங்கிவிடும். துளை சற்றுப் பெரிதாயின் கடல்நீர் அதன் வழியே கசிந்து உள்ளே வரும். உலோகம் மாறியதும், துளையிடுகிறவனுடைய பொறுப்பு இருமடங்காயிற்று.

இனி, ஆழத்தின் எல்லையையே தொட்டவர்களிடம் செல்வோம். லண்டன் மாநகருக்கு 1613-இல் புதிய ஆறு என்னும் ஏறத்தாழ 40 மைல் நீளமுள்ள கால்வாய் வழியாக நீர் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த நீர் தெருத்தெருவாகப் பாய்ந்தது மரக்குழாய்களில். எல்ம் மரத்தின் அடிமரங்களை, முனையிலிருந்து முனைக்கு, நடுவே குடைந்து எடுத்த குழாய்கள் அவை. ஏன் எல்ம்? அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் எளிதில் பிளவாது. இடைவிடாமல் ஈரத்தில் கிடந்தால் நெடுங்காலம் உளுத்துப்போகாது. கடலுக்கு அப்பால், நியூயார்க் நகரத்திலும் 1799-இல் தோன்றிய மான்ஹாட்டன் கம்பெனி பைன் மரக்குழாய்களைப் புதைத்து நீர் வழங்கிற்று.

அந்தக் குடைவின் கஷ்டம் எத்தகையது? உத்தரத்தில் நாம் நாருக்குக் குறுக்கே துளைக்கிறோம். அவர்கள் நாரின் போக்கிலேயே துளைத்தார்கள். நாரின் போக்கில் செல்லும்போது நுனித்திருகுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. குட்டையாக வெட்டுண்ட நார்கள் நொறுங்கிவிடுகின்றன. அதனால் பின்னாலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். அடிமரத்தைப் படுக்கையாகக் கிடத்தி, அசையாமல் கட்டி, நீண்ட துறப்பணத் தண்டை அதன் மையத்துக்கு நேராகத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, முதலில் சிறு துளை ஒன்றைச் செலுத்துவார்கள். பிறகு மேலும் மேலும் பெரிய அலகுகளால் அதை அகலப்படுத்துவார்கள். நீளம் அதிகமானால் இரு முனைகளிலிருந்தும் தொடங்கி நடுவில் சந்திப்பதும் உண்டு. குடைவு மையத்தைவிட்டு ஒதுங்கினால், ஒருபுறச் சுவர் மெலிந்து, நீரின் அழுத்தத்தில் அங்கேதான் வெடிக்கும். குழாயின் ஒரு முனையைக் கூம்பாகச் சீவி, அடுத்ததன் அகன்ற வாயில் செருகி, இப்படியே வீதி முழுவதும் கோத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு வந்து அவற்றை ஓய்வுபெறச் செய்தது.

நண்பர்களே, நம் உத்தரத்துக்கு வருவோம். துறப்பணத்தை எடுக்கும் முன்பு மூலைமட்டத்தை எடுங்கள். உத்தரத்தின் நான்கு முகங்களும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெரிய மரங்கள் காயும்போது முறுக்கிக்கொள்வது சகஜம். ஒரு முகத்தை ஆதாரமாகக் கொண்டு, நூல் அடித்து, அந்தக் கோட்டை மரத்தைச் சுற்றிலும் கொண்டுபோய், புகும்புள்ளியையும் வெளிப்படும் புள்ளியையும் இரண்டு முகங்களிலும் குறித்துக்கொள்ளுங்கள். துளை சரியாக வந்ததா என்று பிறகு சொல்லப்போகும் சாட்சி அந்த இரண்டாவது புள்ளிதான். அது இல்லாமல் துளைக்கிறவன் எதைக்கொண்டு தன்னைச் சோதித்துக்கொள்வான்?

அடுத்தபடி, கடினமான மரக்கட்டை ஒன்றில், நிலையான எந்திரத் துறப்பணத்தால் செங்குத்தாக இட்ட துளை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, அந்தக் கட்டையை உத்தரத்தின்மேல் இறுகக் கவ்வவையுங்கள். அலகு அந்த வழிகாட்டும் கட்டையினூடே சென்றால், முதல் மூன்று அங்குலம் தவறுவதற்கு இடமே இராது. கட்டை இல்லையென்றால் இரண்டு மூலைமட்டங்களை அலகின் இரண்டு பக்கங்களில், ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்திவைக்கலாம். துளைக்கிறவனுக்கு முன்னும் பின்னுமான சாய்வு தெரியாது. இடமும் வலமும்தான் தெரியும். ஆகையால் பக்கவாட்டில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். படுக்கையாகத் துளைக்கும்போது ஓர் அழகான உபாயம் உண்டு. அலகின் வழவழப்பான தண்டிலே ஒரு சிறு இரும்பு வளையத்தை மாட்டிவிடுங்கள். சுழற்சியின்போது தண்டு மட்டமாக இருந்தால் வளையம் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். தண்டு முன்னே தாழ்ந்தால் வளையம் மரத்தை நோக்கி நகரும். பின்னே தாழ்ந்தால் கையை நோக்கி வரும். ஒரு வளையம் ரசமட்டத்தின் வேலையைச் செய்துவிடுகிறது!

மறுபுறம் நெருங்கும்போது அவசரப்படலாகாது. அலகு முழு வேகத்தோடு வெளிவந்தால் எதிர்முகத்தின் நார்களைப் பெயர்த்துச் சிராய் சிராயாகத் தள்ளிவிடும். நுனித்திருகு வெளியே எட்டிப்பார்த்த உடனே நிறுத்தி, மரத்தைப் புரட்டி, அந்தச் சிறு துவாரத்திலிருந்து எதிராகத் துளைத்து முடிப்பதே முறை. சிலர் தொடக்கத்திலிருந்தே இருபுறமும் பாதிப்பாதியாகத் துளைப்பார்கள். இரண்டு வாய்களும் குறித்த இடத்தில் நிச்சயமாக அமையும் என்பது அதன் நன்மை. நடுவில் ஒரு படி விழக்கூடும் என்பது அதன் தீமை. பிறகு நீண்ட அலகு ஒன்றை ஒரேயடியாக உள்ளே ஓட்டி அந்தப் படியைச் சீவிவிடலாம். போல்ட்டைவிட அரை நூலுக்கு மேற்படாமல் துளை பெரிதாக இருப்பது மரப்பிணைப்பில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவாதலால், சிறு படி அதில் அடங்கிவிடும்.

மின்சாரத் துறப்பணம் வந்துவிட்ட காலத்தில் இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். மின்சாரம் சுழற்றுகிறவனுக்குத்தான் பதிலாக வந்திருக்கிறது. திசையைக் காக்கிறவனுக்குப் பதிலாக வரவில்லை. மேலும், கணுவில் அலகு சிக்கும்போது எந்திரம் தன் முழு வலிமையோடு கையையே திருப்பும், மணிக்கட்டு முறிந்துபோகக்கூடும். மெதுவான சுழற்சி, பக்கக் கைப்பிடி, உறுதியாக ஊன்றிய கால், இவை மூன்றும் இல்லாமல் கனமரத்தில் அதைத் தொடவேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நெடுந்துளைக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. தஞ்சைச் சீமையில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்யும் ஆசாரிகள் ஆச்சா மரத்தைத் தேடுவது பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில். உத்தரமாகவும் தூணாகவும் நெடுங்காலம் நின்று, நீர்ப்பசை முற்றும் வற்றிய மரமே நாதத்துக்கு உகந்தது என்பது அவர்கள் அனுபவம். அந்த மரத்திலும் நெடுந்துளைதான் இடவேண்டும். ஆனால் கடைசல் பட்டறையில் ஒரு சௌகரியம் உண்டு: கட்டையைச் சுழலவிட்டு, அலகை அசையாமல் செலுத்தலாம். அப்போது அலகு மையத்தைவிட்டு விலக முயன்றாலும், சுழலும் மரத்தின் அச்சு அதை மீண்டும் மீண்டும் நடுவுக்கே கொண்டுவரும். இருபது அடி உத்தரத்தை யாரால் அப்படிச் சுழற்ற முடியும்? ஆகையால்தான் உத்தரத்தில் துளையிடுகிறவனுக்கு இத்தனை முன்யோசனை தேவைப்படுகிறது.

எங்கே துளையிடுவது என்பதையும் விட்டுவிட முடியாது. பாரம் தாங்கி வளையும் உத்தரத்தின் மேல்விளிம்பு நெருக்கப்படுகிறது, அடிவிளிம்பு இழுக்கப்படுகிறது. நடு உயரத்தில் அந்த இரண்டும் இல்லை. அங்கே இடும் துளை மரத்துக்குச் செய்யும் தீங்கு குறைவு. அடிவிளிம்பில், அதுவும் இடைவெளியின் மத்தியில், இடும் துளை பெருந்தீங்கு. மரத்தின் முனைக்கு மிக அருகே போல்ட்டுத் துளை இடுவதும் ஆபத்து. இழுவிசை வரும் பிணைப்பில், போல்ட்டின் விட்டத்தைப்போல் ஏழு மடங்கு தூரமாவது முனையிலிருந்து விடவேண்டும் என்பது மென்மரங்களுக்குப் பொறியியலார் கொண்டுள்ள விதி.

வேண்டுமென்றே துளையை விலக்கி இடும் சந்தர்ப்பமும் உண்டு என்றால் ஆச்சரியப்படுவீர்கள். ஐரோப்பாவில் இடைக்காலம் முதலாகக் கூரைத் தச்சர்கள், தூணில் கொத்திய குழியில் உத்தர முனையின் நாக்காகிய கழுந்தைச் செருகி மர ஆணி அடிக்கும்போது, கழுந்தில் உள்ள ஆணித்துளையைத் தோள்புறமாக அரை நூல் முதல் ஒரு நூல் வரை தள்ளி இடுவார்கள். கூர்நுனியுள்ள ஓக் ஆணியை அடிக்க அடிக்க, அது சற்றே வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்து, மூட்டை இறுக்கிவிடும். இரும்பு இல்லை, பசை இல்லை. மரம் காய்ந்து சுருங்கினாலும் மூட்டு தளர்வதில்லை. அந்த அரை நூல் இரண்டு நூலாகிவிட்டால் ஆணி முறியும்; ஒன்றுமே இல்லாவிட்டால் இறுக்கம் கிடையாது. விலகலிலும் கணக்குத் தவறாத கை அவர்களுடையது.

கடைசியாக, மரப்படகில் எந்திரம் வைத்தபின் எழுந்த ஒரு பிரச்சினையைச் சொல்லுகிறேன். படகின் பின்புறத்து அடிமரங்களின் ஊடே பல அடி நீளத்துக்கு, படகை உந்தும் சுழலித் தண்டு போகவேண்டும். அவ்வளவு தூரம் ஒரு துறப்பணம் மயிரிழை பிசகாமல் செல்லும் என்று எவர் உறுதி கூறுவார்? படகு கட்டுவோர் இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று, துளையிடாமலே துளை பெறுவது: மரத்தை நீளவாக்கில் இரண்டு பாதியாக அமைத்து, ஒவ்வொரு பாதியிலும் அரைவட்டக் குழி செதுக்கி, இரண்டையும் சேர்த்துப் பிணைத்துவிடுவது. மற்றது, சிறிய துளை ஒன்றை முதலில் எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்து, அது சற்று வளைந்திருந்தாலும் பாதகமில்லை என்று விட்டு, அதனூடே நேரான இரும்புத் தண்டு ஒன்றைச் செலுத்தி, மரத்துக்கு வெளியே இருபுறமும் தண்டைத் தாங்கிகளில் நிறுத்துவது. தாங்கிகளைச் சுழலித் தண்டின் கோட்டுக்கு இம்மியும் பிசகாமல் பொருத்தியபின், தண்டில் ஒரு சிறு வெட்டலகைச் செருகிச் சுழற்றிக்கொண்டே முன்னேற்றினால், அது பழைய துளையின் கோணலைப் பொருட்படுத்தாமல், தாங்கிகள் காட்டும் நேர்கோட்டிலேயே புதிய துளையைச் செதுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வெட்டலகைச் சிறிது வெளியே தள்ளி, வேண்டிய அகலம் வரும்வரை அதையே திரும்பச் செய்வார்கள். முடிந்ததும் துளையின் உட்சுவர் முழுவதும் நெருப்பில் இளக்கிய தாரையோ எண்ணெயையோ பூசி, வெட்டுண்ட நார்கள் நீரை உறிஞ்சாதபடி அடைத்த பின்னரே தண்டின் உறையை உள்ளே இறக்குவார்கள்.